புதுநகரில் ஒரு சங்கீத யுத்த ஏற்பாடு

"டி.ஜே." என்னும் இரண்டு எழுத்துக்களைக் கேட்டவுடனே நமது வாசகர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியும். கலியாண மண்டபத்து வாசலில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, ஊர்வலத்தில் மாப்பிள்ளையையே நடுங்க வைக்கும் அந்தச் சத்தத்தைப் பற்றி நாமும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எண்ணியது மாத்திரமா? வாத்தியார் உத்தியோகத்துக்கு உரிய அதிகாரத்தைக் கொண்டு அதன் பேரில் ஒரு தண்டனையும் விதித்திருக்கிறோம். 2017-ஆம் வருஷத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில், புஸ்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மறைவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விரல்களால் மேஜையை வழித்து வழித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். அந்தக் கருவியைப் பறிமுதல் செய்தோம். டெலிபோனை எப்படியோ மறைத்துவிட்டான். ஹெட்போன் மட்டும் அகப்பட்டது. "பரீட்சை முடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போ" என்றோம். பரீட்சை முடிந்தது, அவன் வரவில்லை. நாமும் மறந்துபோனோம்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவன் நம் வீட்டுக்கு வந்தான். இப்பொழுது இருபத்துமூன்று வயது வாலிபன். வாசற்படியில் நின்றபடியே, "ஸார், தாளக் கணக்கு ஒண்ணு கேக்கணும்" என்றான். கணக்கு வாத்தியாரிடம் வட்டிக் கணக்கு கேட்க வருவார்கள். மகனுக்கு மார்க்குப் போதாத கணக்கைக் கேட்க வருவார்கள். தாளக் கணக்குக் கேட்டு வந்தவன் இவன் ஒருவன்தான். நாம் வாலிபப் பிராயத்தில் நாலைந்து வருஷம் மிருதங்கம் பயின்று பாதியில் விட்ட சமாசாரம் அவனுக்கு யார் மூலமோ எட்டியிருந்தது.

விஷயம் இதுதான். சென்னையில் நடக்கவிருக்கும் ஒரு டி.ஜே. போட்டிக்கு அவன் பெயர் கொடுத்திருக்கிறான். ஆங்கிலத்தில் இதை "பேட்டில்", அதாவது யுத்தம் என்றே சொல்லுகிறார்கள். முதற் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிஷம். அதில் தேறுகிறவர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒன்றரை நிமிஷம் வீதம் மாறி மாறி வாசிக்க வேண்டும்; ஒருவர் போட்டதற்கு மற்றவர் பதில் சொல்ல வேண்டும். "எதிராளிகள் எப்படி?" என்று கேட்டோம். "நான் உங்க வகுப்புல உட்கார்ந்திருந்தப்பவே மேடை ஏறினவங்க, ஸார்" என்றான்.

இதில் தோற்றால் என்ன என்றும் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனார் மணலித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மகனுக்கும் அதே ஒப்பந்தக்காரரிடம் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார். இந்தப் போட்டி வரைக்கும் பொறுப்பதாக வாக்கு. அதன் பிறகும் "டொக்கு டொக்கு" என்று தட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் இடமில்லை. கருவி வாங்கிய கடனில் இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. இது அவனுடைய இரண்டாவது கருவி. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகி வந்து புதுநகர்த் தெருக்களில் புகுந்ததே, அந்த வெள்ளத்தில் முதற் கருவி முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் ஊறிவிட்டது.

இத்தனைக்கும் அந்த வித்தையில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் புத்திமதி சொல்லுவது முறையல்லவே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே சென்றோம்.

பாட்டனார் காலத்துக் கிராமபோன் பெட்டியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சுழலும் தட்டின்மேல் குழந்தைகள் கை வைத்தால் பாட்டனார் என்ன பாடு படுத்துவார்? தட்டின்மேல் கை படக்கூடாது என்பதே அக்காலத்து முதல் விதி. டி.ஜே.யின் முதல் விதியோ தட்டின்மேல் கை வைப்பதுதான். இரண்டு தட்டுகள், நடுவே ஒரு மிக்ஸர் பெட்டி. ஒரு தட்டு சபைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டை ஹெட்போனில் தான் மட்டும் கேட்டு, இரண்டின் காலப்பிரமாணத்தையும் ஒன்றாக்கி, எங்கே ஒன்று முடிந்தது எங்கே மற்றொன்று தொடங்கியது என்று தெரியாதபடி இணைக்க வேண்டும். இது கலியாண வீட்டு டி.ஜே.க்குப் போதும். யுத்தத்துக்குப் போகிறவன் இன்னும் ஒரு படி மேலே போய், தட்டை முன்னும் பின்னும் தேய்த்து, ஃபேடர் என்னும் சிறு தள்ளுகட்டையை மறு கையால் திறந்து மூடி, பாட்டிலுள்ள ஒற்றைச் சொல்லையோ ஒற்றை அடியையோ துண்டு துண்டாக்கிப் புதிய ஜதியாகக் கோக்க வேண்டும். இடது கையின் வேலை கமகத்தைப் போலும், வலது கைவிரல்களின் வேலை கஞ்சிராவைப் போலும் நமக்குத் தோன்றிற்று.

இதற்கு ஏற்ற யந்திரம் 1972-இல் பிறந்தது. ஜப்பானில் மத்ஸுஷிடா கம்பெனியார் வெளியிட்ட "டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200" என்னும் சுழல்மேடையில் ரப்பர் வார் கிடையாது, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் உடனே பழைய வேகத்துக்கு வந்துவிடும். 1979-இல் வந்த திருத்திய உருவில், வேகத்தை நூற்றுக்கு எட்டு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுகட்டை வைத்தார்கள். வேகம் கூடினால் சுருதியும் கூடும் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு கூட்டினால், ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார்! இந்நாளில் வரும் கருவிகள் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றுகின்றன. இரண்டு பாட்டின் தாளத்தைத் தாமே பொருத்துவதற்கும் ஒரு பொத்தான் உண்டு. போட்டியில் அந்தப் பொத்தானின் பக்கம் விரல் போனாலே மதிப்புப் போய்விடும் என்று நம் மாணவன் சொன்னான்.

இந்தக் கலை பிறந்த கதை ரஸமானது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் இலக்கக் கட்டடத்தில், 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி ஒரு விருந்து நடந்தது. ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கிளைவ் காம்ப்பெல் என்னும் பதினெட்டு வயதுப் பிள்ளை அதில் தட்டுப் போட்டான். உலகம் அவரைக் கூல் ஹெர்க் என்று அறியும். பாட்டின் நடுவே பாட்டு நின்று தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஜனங்கள் ஆடத் துடிப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்த இடம் ஒன்றில் முடிந்ததும் மற்றொன்றில் தொடங்கி, சில விநாடித் தனியை நிமிஷக் கணக்கில் நீட்டினார். தனி ஆவர்த்தனத்துக்காகவே கச்சேரிக்கு வருகிற நம் ஊர் ரஸிகர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் மின்சாரத் தொழில் படித்தவர். தட்டின்மேல் வண்ணக் கட்டியால் கோடு கிழித்து, எந்த இடத்தில் எந்த அடி வருகிறதென்று கண்ணாலேயே கண்டுபிடித்தார். தட்டைத் தேய்க்கும் வித்தையோ 1975-ஆம் ஆண்டளவில் தற்செயலாகப் பிறந்தது என்பார்கள். தியோடர் லிவிங்ஸ்டன் என்னும் சிறுவனின் அறைக் கதவை அவன் தாயார் தட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வைதாள். பையன் தட்டைக் கையால் பிடித்தபடியே அவள் சொல்லைக் கேட்டான். பிடித்த கை சும்மாயிராமல் முன்னும் பின்னும் ஆடிற்று. உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் தாயாரிடம் வசவு வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு பயனுள்ள வசவு அபூர்வம்.

1985 முதல் இங்கிலாந்தைச் சேர்ந்த டி.எம்.சி. என்னும் சங்கத்தார் உலகப் போட்டி நடத்தி வருகிறார்கள். ஆறு நிமிஷத்தில் வித்தை முழுவதையும் காட்டியாக வேண்டும். 1997-இல் அதில் வென்ற கனடா தேசத்து ஏ-டிராக் பதினைந்து வயதுப் பையன். 2017-இல் வென்ற ஜப்பானியச் சிறுவன் ரேனாவுக்குப் பன்னிரண்டு வயதுதான். இதைச் சொல்லும்போது நம் மாணவன் சற்றே சிரித்தான். "அன்னிக்கு வகுப்புல நான் கேட்டுட்டிருந்தது அதுதான், ஸார்." நமக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது.

பாலகர்கள் பெரியவர்களை வெல்லுவது நமக்குப் புதுமையுமல்ல. 1844-இல் தஞ்சைக்கு அருகே வையச்சேரியில் பிறந்த வைத்தியநாதையர், பன்னிரண்டாவது வயதில் கல்லிடைக்குறிச்சியில் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், தம்மினும் மூத்த வித்வான்கள் கூடிய சபையில் பாடி, "மகா" என்னும் பட்டத்தைப் பெற்றார் அல்லவா?

"எல்லாம் சரி, இது அந்நிய தேசத்துச் சரக்குத்தானே? மணலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். அந்நிய வாத்தியத்தைத் தன் கைக்குப் பழக்கிக்கொள்ளும் விஷயத்தில் மணலிக்கு உள்ள பாத்தியதை மற்ற ஊர்களுக்கு எளிதில் வாய்க்காது என்பது நமது அபிப்பிராயம். புதுநகருக்குச் சிறிது தூரத்திலுள்ள பழைய மணலியில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முத்துகிருஷ்ண முதலியார் என்னும் பிரபுவின் ஆதரவை ஏற்று ராமசுவாமி தீக்ஷிதர் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கினார். நூற்றெட்டு ராகமும் நூற்றெட்டுத் தாளமும் அமைந்த மாலிகையை இயற்றியவர் அவர். அவருடைய மூத்த புதல்வர் முத்துசுவாமி தீக்ஷிதரைச் சிதம்பரநாத யோகி காசிக்கு அழைத்துச் சென்றது மணலியிலிருந்துதான். பிரபுவின் குடும்பத்தாருடன் சென்னைக் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்ட அச்சகோதரர்களில் முத்துசுவாமி தீக்ஷிதர், அந்த மெட்டுக்களுக்கு ஸமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். சுமார் நாற்பது "நோட்டு ஸ்வர"ங்கள் இன்றும் வழங்குகின்றன. இளையவர் பாலுசுவாமி தீக்ஷிதர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார். அந்தப் பிடில் இல்லாத கச்சேரியை இன்று யாராவது கற்பனை செய்ய முடியுமா? ஆனால் முதன் முதலாக அது சபைக்கு வந்த நாளில் காதைப் பொத்திக்கொண்ட பெரியவர்கள் எத்தனை பேரோ!

அந்த மணலி வேறு. இன்றைய மணலி வேறு. 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது; உர ஆலையும் ரசாயன ஆலைகளும் தொடர்ந்தன. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தார் வயல்வெளியில் மனை பிரித்து எழுப்பிய குடியிருப்பே எங்கள் புதுநகர். திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் பெட்டக லாரிகள் இரவும் பகலும் வரிசை பிடித்து நிற்கும். அவை எழுப்பும் ஹாரன் சத்தத்தை யாரும் சத்தமென்று கணக்கிடுவதில்லை. ஒரு பையன் பாட்டுப் போட்டால் மட்டும் அக்கம்பக்கத்தார் விழித்துக்கொள்ளுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு; இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆகவே நம் மாணவனின் சாதகம் முழுவதும் ஹெட்போனுக்குள்ளேயே நடக்கிறது. சைக்கிளும் தண்ணீர்க் குடங்களும் இருக்கும் முன்னறையில், நடு இரவில், சத்தமே இல்லாமல் ஒருவன் இரு கைகளையும் ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், பையனுக்கு மந்திரிக்க வேண்டும் என்று அவன் தாயாரிடம் சொன்னாளாம்.

இனி, அனுபவசாலிகளை எதிர்க்க அவன் செய்துவரும் ஏற்பாடுகளைச் சொல்லுவோம். முதலில் அவன் செய்த காரியம் நம்மை ஆச்சரியப்படுத்திற்று. சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பாட்டுக்களில் இருபத்துநாலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டான். "அவங்ககிட்ட இருக்கிற அளவு பாட்டு என்கிட்ட எந்தக் காலத்திலயும் இருக்காது, ஸார். இருபத்துநாலு பாட்டுல எந்த அடி எங்கே இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்" என்றான். சோதித்துப் பார்த்தோம். சொன்னான்.

எதிராளிகள் முன்பு செய்த நிகழ்ச்சிகளின் படங்களைப் பார்த்து நோட்டுப் புஸ்தகத்தில் குறிப்பு எழுதியிருக்கிறான். ஒருவர் எப்பொழுதும் அதிவேகத்தில் தொடங்கி எதிராளியைத் திகைக்க வைப்பவர். மற்றொருவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு வாசிப்பார், சபை ஆர்ப்பரிக்கும், ஆனால் அப்போது அவருடைய தாளம் சற்றுத் தள்ளாடுகிறது. இந்தக் குறிப்பைக் காட்டும்போது பையன் கண்ணில் ஒரு மின்னல் தெரிந்தது. இன்னொரு நோட்டில் தன் வாசிப்புக்கே குறியீடு எழுதுகிறான்: மேல்நோக்கிய கோடு தட்டை முன்னே தள்ளுவது, கீழ்நோக்கிய கோடு பின்னே இழுப்பது, குறுக்குக் கீற்று ஃபேடரை மூடுவது. நாம் சொன்ன ஏ-டிராக்கும் தமக்கென்று ஒரு குறியீட்டு முறை வகுத்துக்கொண்டவரே. 1904-இல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி"யை வெளியிட்ட சுப்பராம தீக்ஷிதர் ஸ்வரத்துக்கு மேலும் கீழும் கமகக் குறிகள் போட்டது நமது நினைவுக்கு வந்தது.

மேடையில் வைக்கப்போவது பெரிய கருவி; அவனிடமுள்ளதோ சிறியது. சுழல்வட்டத்தின் அகலம் வேறு, இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் வேறு. பழகாத கருவியில் கை அரை அங்குலம் தவறினால் அடி தவறிவிடும். அதனால் நகரத்தில் கருவி வாடகைக்கு விடும் ஒரு கடையில், கலியாண வேலைகளில் சம்பாதித்த பணத்தை மணிக் கணக்கில் கொடுத்துப் பெரிய கருவியில் சாதகம் செய்துவருகிறான். பாட்டுக்களை இரண்டு பென்டிரைவில் ஒரே மாதிரிப் பதிந்து வைத்திருக்கிறான். முதலில் வாசிக்க நேர்ந்தால் ஒரு திட்டம், இரண்டாவதாக நேர்ந்தால் வேறொரு திட்டம். நடுவே ஒரு பாட்டு நின்றுபோனால் எந்தப் பாட்டுக்குத் தாவுவது என்பதற்கும் குறிப்பு உண்டு. தகப்பனாரை நடுவே வந்து திடீரென்று ஒரு தட்டை நிறுத்தச் சொல்லி அதையும் பழகுகிறான். இந்தக் காரியத்தை மட்டும் தகப்பனார் மிகுந்த உற்சாகத்தோடு செய்கிறாராம்!

இப்போது தாளக் கணக்குக்கு வருவோம். எதிராளிகளை வேகத்தில் மிஞ்ச முடியாதென்று பையனுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் எதிர்பாராத ஒன்றைப் போட நினைத்தான். டி.ஜே. சங்கீதமெல்லாம் நாலு நாலாக நடப்பது. அதன்மேல் ஏழடி கொண்ட ஒரு துண்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினால், இரண்டும் பிரிந்து போய், 28-ஆம் அடி முடிந்ததும் மறுபடி ஒன்று கூடும். நமது மிச்ர சாபுவை நன்றாக அறிந்தவர்களுக்கு இது எளிது. தகப்பனாரை உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டினானாம். அவர் கேட்டுவிட்டு, "எங்கியோ சறுக்குதுடா, மெஷின் ரிப்பேரா?" என்றாராம். மறுபடியும் வாசித்தான். "இன்னும் சறுக்குது" என்றார். நமது வீட்டு வாசலுக்கு அவன் வந்தது அதற்கு மறுநாள்.

இது சாமானியமான சங்கடமல்ல. பெயர் பெற்றவன் தாளத்தை விட்டு விலகினால் "என்ன கற்பனை!" என்பார்கள், புதியவன் விலகினால் "தாளம் போய்விட்டது" என்பார்கள். வேண்டுமென்றே செய்தது என்று தெரிவிக்க இரண்டு தரம் செய்து காட்டலாம். ஆனால் அவன் வாசிக்கும் வேகம் நிமிஷத்துக்கு 100 அடி. 28 அடிக்கு ஏறக்குறைய 17 விநாடி; இரண்டு தரத்துக்கு 34 விநாடி. கையிலிருப்பதோ 90 விநாடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விட்டால் மற்றதற்கு எங்கே போவது?

அவன் இதைச் சொன்னதும் நமக்குச் சியாமா சாஸ்திரிகளின் கதை ஞாபகத்துக்கு வந்தது. பொப்பிலி கேசவையா என்பவர் ஊர் ஊராகச் சென்று வித்வான்களை வென்று, பூலோகத்தைப் பாயாகச் சுருட்டியவர் என்னும் விருதோடு தஞ்சாவூர் வந்தார். அவரை எதிர்க்கச் சபை வித்வான்கள் அஞ்சி, சாஸ்திரிகளை வேண்டிக்கொண்டார்கள். சாஸ்திரிகள் (1762–1827) சபை தோறும் பாடித் திரிந்தவர் அல்லர். பங்காரு காமாட்சியம்மன் கோயில் அர்ச்சகர். போட்டிக்கு முன்பு அம்பிகையின் சந்நிதியில் சிந்தாமணி ராகத்தில் ஒரு கிருதி பாடி வேண்டிக்கொண்டார் என்பது கர்ண பரம்பரை. சபையில் கேசவையா 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் பல்லவி பாடினார். சாஸ்திரிகள் அதைத் திருப்பிப் பாடியதோடு, 79 அட்சரமென்று கணக்கிடப்படும் சரபநந்தன தாளத்தில் ஒரு பல்லவியை எடுத்துவிட, கேசவையாவால் பதில் சொல்ல முடியவில்லை என்று சொல்லுவார்கள். நாம் மாணவனிடம் கேட்டோம்: "அந்தச் சபையில் இருந்தவர்கள் தாளம் போடத் தெரிந்தவர்கள். சாஸ்திரிகள் சரியான இடத்தில் வந்து விழுந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. உன் சபைக்கு எப்படித் தெரியும்?"

அவன் பேசவில்லை. நாம் மேஜையின்மேல் தட்டிக் காட்டினோம். நாம் காட்டியது புதிதொன்றுமில்லை. திருவிழாவில் தவுல்காரர் தினமும் செய்வதுதான். ஒரு சுற்றை எட்டாக எண்ணிக்கொண்டால் மூன்று சுற்றுக்கு 24. முதல் மூன்றை மௌனமாக விட்டுவிட வேண்டும். பிறகு ஏழு, ஏழு, ஏழு. மூவேழு இருபத்தொன்று, விட்ட மூன்றையும் சேர்த்தால் 24. மூன்றாவது ஏழு முடிந்தவுடன் அடுத்த அடி சமத்தில் வந்து இறங்கும். இதற்குத் தீர்மானம் என்று பெயர். தாளம் தெரியாத ஜனங்களும் முதல் தரம் வியப்பார்கள், இரண்டாவது தரம் காத்திருப்பார்கள், மூன்றாவது தரம் எங்கே விழப்போகிறது என்று தாமே அறிந்துகொள்ளுவார்கள். அரையடிக்கு ஓர் எண்ணிக்கை வீதம் வாசித்தால் முழுவதும் ஏழு விநாடிக்குச் சற்று அதிகம். 34 விநாடி வேண்டியிருந்த இடத்தில் ஏழு!

அவன் நமது மேஜையிலேயே நாலைந்து தரம் தட்டிப் பார்த்தான். பிறகு காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். வீட்டில் நமக்கு அதற்காக வசவு கிடைத்தது.

இரண்டு வாரம் அவனைக் காணவில்லை. வேலை எளிதாயிருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அந்த மூன்று மௌனத்தை ஃபேடரால் மூடித் திறக்கும்போது இடது கை நின்றுவிடக்கூடாது. தட்டு உள்ளே சுழன்றுகொண்டேயிருக்க, சபைக்கு மட்டும் கேட்கக்கூடாது. மௌனத்தை வாசிப்பதுதான் கஷ்டமாயிருந்தது என்றான். மிருதங்கம் கற்கும்போது நம் குருநாதர் நம் விரலைப் பிடித்து நிறுத்தியதும் இதற்குத்தான்.

சென்ற வாரம் மீண்டும் அவன் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, திண்ணையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க ஸார். உங்களாலதான் இவன் ராத்திரியெல்லாம் ஏழு ஏழுன்னு பொலம்புறான்" என்றார். மணி ஏழரை, ஒலிபெருக்கி வைக்க நேரம் இருந்தது. பையன் சிறிய பெட்டியை உள்ளே வைத்து, சத்தத்தைக் குறைத்து வாசித்தான். நாலடித் தாளம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மௌனம். ஒரு ஏழு. தகப்பனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தினார். இரண்டாவது ஏழு. அவர் மகனைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். மூன்றாவது ஏழு முடிந்து அடி விழுந்தபோது, அவருடைய உள்ளங்கை அவருடைய தொடையில் அதே இடத்தில் விழுந்தது. "இப்ப சறுக்கல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவைத்த இடத்தைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை. எழாததனால் அது தீர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கவுமில்லை.

போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை. தகப்பனார் மகனோடு போகிறார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலி போயிற்று என்று அவர் நம்மிடம் இரண்டு தரம் சொன்னார்.

நேற்று மாலை பையன் சொல்லிக்கொண்டு போக வந்தான். நாம் அலமாரியின் அடித்தட்டில் விடைத்தாள் கட்டுக்களுக்குப் பின்னால் தேடி, அந்த 2017-ஆம் வருஷத்து ஹெட்போனை எடுத்துக் கொடுத்தோம். தூசி தட்டி, டெலிபோனில் சொருகிக் காதில் வைத்துப் பார்த்தான். இடது பக்கம் பேசவில்லை. வலது பக்கம் மட்டும் கேட்டது. நமக்கு மிகவும் சங்கடமாயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னோம்.

"வேணாம், ஸார். ஒரு காது போதும். இன்னொரு காதுல சபையைத்தான் கேக்கணும்" என்று சொல்லி, அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.